மழைக்காலத்தில் வீட்டிலேயே ஒரு பாய்மரப் படகு: மும்பை ஃப்ளாட்டில் செய்ய முதல் பாடம்

மிதக்கிற படகு செய்வது சுலபம். ஒரு கட்டையைக் கூராகச் சீவித் தண்ணீரில் போட்டாலே மிதக்கும். காற்றில் கவிழாமல் நின்று, விட்ட திசையில் நேராகப் போகிற பாய்மரப் படகு செய்வதில்தான் வேலை இருக்கிறது. எடையை எங்கே வைப்பது, பாயை எங்கே நிறுத்துவது என்ற இரண்டு கேள்விக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அதனால் இங்கே நான் அதிக நேரம் செலவிடப்போவது அந்த இரண்டிலும்தான். பெயின்ட் நிறம், பெயர் எழுதுவது எல்லாம் உங்கள் இஷ்டம்.

மும்பையில் இதற்கு மழைக்காலம்தான் ஏற்ற காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. வர்சோவா, வொர்லி கோலிவாடா (மீனவக் குடியிருப்பு) பக்கம் போனால், படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, ஒவ்வொன்றாகப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுத்தான் மறுபடி இறங்குவார்கள். நாமும் அதே கணக்கைப் பிடித்துக்கொள்ளலாம்: ஜூனில் மரம் வாங்கி, ஆகஸ்டில் படகை முடித்து, மழை விட்டதும் ஏரிக்குக் கொண்டுபோவது.

நாம் செய்யப்போவது 45 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம் உள்ள படகு. கடைசியில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஒரு கிலோ எடையென்றால் அது ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்கும், அந்த அளவுக்கு உடலில் இடம் இருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் அளவுகள் அதை வைத்துப் போட்டவைதான், ஆகவே முதல் படகுக்கு அவற்றை மாற்ற வேண்டாம்.

மரம்

18 மி.மீ. தடிப்புள்ள பைன் பலகை வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் ரே ரோடு டிம்பர் கடைகள். செலவைக் குறைக்க, பேக்கிங் பெட்டி உடைத்து விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். தாராவியில் மரப்பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் யாரையாவது தெரிந்திருந்தால், "அண்ணாச்சி, கணு இல்லாத பைன் துண்டு நாலு இருந்தா எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்தால் போதும். ரேகை நேராக ஓட வேண்டும், கணு கூடாது. ரம்பம், உளி, அரம், சி கிளாம்ப் எல்லாம் நாக்தேவி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

வாங்கி வந்த அன்றைக்கே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். ஜூலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும், கடை வாசலில் நனைந்த பலகையில் ஈரம் இன்னும் அதிகம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். ஈரத்தோடு ஒட்டினால் நவம்பரில் காய்ந்து சுருங்கும்போது ஒட்டு விலகும், இல்லாவிட்டால் பலகை வளையும். பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி ஃபேன் ஓடுகிற அறையில் அடுக்கி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு துண்டை நிறுத்து, பலகையின் மேலேயே பென்சிலால் எடையை எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிடும், அப்போது மரம் தயார். அடுப்புப் பக்கத்திலோ, திடீரென்று அடிக்கிற வெயிலிலோ வைத்து அவசரப்படுத்தினால் முனைகள் வெடிக்கும்.

உடல்

நாலு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிக்கட்டு மாதிரி வருவதைச் சீவி வளைவாக்கப் போகிறோம். மேலிருந்து முதல் இரண்டு பலகைகளும் 45 × 13 செ.மீ., மூன்றாவது 43 × 11.5, அடிப்பலகை 36 × 8. வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: முன்பக்கம் கூர், நடுவுக்குச் சற்றுப் பின்னால் அதிக அகலம், பின்பக்கம் கொஞ்சம் ஒடுங்கித் தட்டையாக முடிய வேண்டும். பழைய காலண்டர் அட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பாதி வடிவத்தை மட்டும் வெட்டுங்கள், பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். ஒவ்வொரு பலகையிலும் நீளவாக்கில் நடுக்கோடு போட்டு, அதை முனைகளிலும் இறக்கி விடுங்கள். கடைசி வரை அந்தக் கோடுதான் உங்களுக்கு வழிகாட்டி.

மேல் மூன்று பலகைகளின் உட்பகுதியை ஒட்டுவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும். துளை போட்டு மெல்லிய ரம்பத்தை உள்ளே விட்டு, முதல் இரண்டில் 1.5 செ.மீ., மூன்றாவதில் அடிப்பலகை ஓட்டையை முழுசாக மூடி ஒட்டுகிற அளவுக்கு ஓரம் விட்டு அறுங்கள். அடிப்பலகை முழுசாக இருக்கட்டும். ஒட்டிய பிறகு உளியால் குடையலாம் என்று நினைக்க வேண்டாம், கை ஓய்ந்துவிடும், கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்துவிடுவார்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் மரைன் போதும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் தண்ணீர் தாங்காது. பலகையின் குறுக்குமுனையில் தெரிகிற வளையங்களைப் பாருங்கள். ஒன்றில் வளைவு மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வையுங்கள், ஒன்று வளையப் பார்த்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். கிளாம்ப் பற்றாவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம், வளைந்த உடலுக்கு அதன் பிடி கிளாம்பைவிட நன்றாகவே இருக்கும். இந்தப் பசை தண்ணீர் வற்றித்தான் இறுகும், மழையில் அது மெதுவாக நடக்கும். ஒரு முழு நாள் கட்டை அவிழ்க்காதீர்கள்.

அப்புறம் அரத்தாலும் இழைப்புளியாலும் படிகளை இழைத்து எடுங்கள். பலகைகளுக்கு நடுவே தெரிகிற பசைக்கோடுகள் இங்கே பெரிய உதவி. இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒரே மாதிரி வளைந்து போனால் உடல் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் அகன்று தெரிந்தால் அங்கே இன்னும் சீவ வேண்டும். கடைசியாக 80, 120, 220 நம்பர் உப்புத்தாள். தூசி பறக்கும், கேலரியில் உட்கார்ந்து மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கீலும் ஈயமும்

அடியில் நிற்கிற பலகைதான் கீல். பக்கவாட்டுக் காற்று படகை அப்படியே பக்கத்தில் தள்ளிவிடாமல் இதுதான் தடுக்கிறது. 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில் 9 செ.மீ. அகலம், உடலுக்கு வெளியே 15 செ.மீ. நீளும்படி வெட்டுங்கள், உள்ளே செருக 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். வாங்கும்போது பலகையில் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முன்முனையிலிருந்து 24 செ.மீ. தூரத்தில் கீலின் நடு வரும்படி அடிப்பலகையில் வரிசையாகத் துளை போட்டு, உளியால் காடியெடுத்து, அரால்டைட் பசை வைத்துச் செருகுங்கள். பின்னால் மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு சுக்கான், கையால் திருப்பினால் மட்டும் திரும்புகிற அளவுக்கு இறுக்கமாக.

கீலின் அடியில் 300 கிராம் ஈயம் வர வேண்டும். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடியில் இருந்தால், காற்று சாய்த்தாலும் படகு எழுந்து நிற்கும். மீன்பிடிச் சாமான் கடையில் ஈயக் குண்டுகளாகவே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஈயத்தை உருக்கவே உருக்காதீர்கள், அந்தப் புகை விஷம். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஈயத்தை உடனே ஒட்ட வேண்டாம். முதலில் ரப்பர் பேண்டால் கட்டி, மேல்தட்டுப் பலகையையும் பாய்மரக் கட்டையையும் சும்மா மேலே வைத்து, வீட்டிலிருக்கும் தண்ணீர் டிரம்மில் மிதக்க விடுங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னால் நகர்த்துங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் முன்னால். ஒரு செ.மீ. நகர்த்தினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். படகு மட்டமாக நின்று, தண்ணீருக்கு மேலே குறைந்தது 2 செ.மீ. ஓரம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, எடுத்துத் துடைத்துக் காயவைத்து, அரால்டைட்டால் ஒட்டி மேலே பூசி மூடுங்கள். இந்தச் சோதனைக்கு முன்னால் உடலுக்கு ஒரு கோட் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் இத்தனை நாள் காயவைத்ததெல்லாம் வீண்.

மேல்தட்டு, பெயின்ட்

மேலே 3 மி.மீ. பிளைவுட். மூடுவதற்கு முன் உள்பக்கம் முழுவதும் இரண்டு கோட் எனாமல் அடியுங்கள், பிறகு கை நுழையாது. வெளியேயும் எனாமல்தான். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு காயவிடுங்கள். அரக்கு பாலிஷ் இந்த மாதங்களில் வேண்டாம்: ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் அதில் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

பாயும் அதன் இடமும்

பாய்க்கு உடைந்த குடைத் துணியைவிட நல்லது எதுவுமில்லை. லேசு, தண்ணீர் குடிக்காது, ஸ்டேஷன் வாசலில் குடை ரிப்பேர் செய்பவரிடம் கேட்டால் கிடைக்கும். துணியை இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள்: நூல் ஓடுகிற திசையில் இழுத்தால் நீளாது, மூலைவிட்டமாக இழுத்தால் நீளும். பாயில் எதிலும் கட்டாமல் பறக்கிற பின்ஓரம் நூல் திசையில் அமைய வேண்டும். மாற்றி வெட்டினால் அந்த ஓரம் தொளதொளவென்று நீண்டு, பாய் காற்றைப் பிடிக்காமல் படபடக்கும். முக்கோணமாக இரண்டு பாய் வேண்டும்: பாய்மரத்துக்குப் பின்னால் வருகிற பெரிய பாய் உயரம் 42, அடி 20 செ.மீ.; முன்னால் வருகிற முன்பாய் உயரம் 36, அடி 15. சூடான சால்டரிங் இரும்பால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது.

பாய்மரத்துக்கு 8 மி.மீ. உருண்டைக் கட்டை, 55 செ.மீ. உச்சியிலிருந்து முன்முனைக்கும் இரண்டு பக்கத்துக்கும் தூண்டில் நரம்பால் இழுத்துக் கட்டுங்கள். பெரிய பாயின் அடியில் ஒரு மெல்லிய குச்சி, அதை இழுக்கவும் தளர்த்தவும் ஒரு பாய்க்கயிறு.

எங்கே நடுவது? இரண்டு பாய்களையும் அவை நிற்கிற நிலையிலேயே ஒரே அட்டையில் வரைந்து சேர்த்து வெட்டி, பென்சில் முனையில் நிறுத்திப் பாருங்கள். அட்டை சாயாமல் நிற்கிற புள்ளியில்தான் காற்று மொத்தமாகத் தள்ளுவதாகக் கணக்கு. அடுத்து, பிள்ளைகள் குளிக்கிற காற்றடைத்த தொட்டியில் படகை விட்டு, ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். முன்பக்கம் தள்ளினால் மூக்கு விலகும், பின்பக்கம் தள்ளினால் வால் விலகும், நடுவில் ஒரு இடத்தில் தள்ளினால் திரும்பாமல் அப்படியே நகரும். அங்கே குறி போடுங்கள். அட்டையில் கண்ட புள்ளி இந்தக் குறிக்கு 2 செ.மீ. முன்னால் வரும்படி பாய்மரத்தை நிறுத்த வேண்டும். மேல்தட்டில் ஒரு தடித்த பட்டை ஒட்டி, ஒவ்வொரு செ.மீ. இடைவெளியில் மூன்று துளை போட்டு வைத்தால் கரையிலேயே மாற்றிப் பார்க்கலாம்.

ஏரியில்

மழைக்காலத் தென்மேற்குக் காற்று சின்னப் படகுக்கு முரட்டுத்தனமானது. அக்டோபருக்குப் பிறகு பிற்பகலில் கடலிலிருந்து வடமேற்குக் காற்று சீராக வரும், அதுதான் நமக்கு வேண்டியது. பவாய் ஏரியில் முதலைகள் உண்டு, படகு சிக்கினாலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தாணேப் பக்கம் இருப்பவர்களுக்கு மாசுந்தா தலாவ் இருக்கிறது, சவாரிப் படகுகள் ஓடாத நேரமாகப் பார்த்துப் போங்கள். எங்கே போனாலும் முதல் ஓட்டங்களுக்குப் பின்பக்கம் தூண்டில் நரம்பு கட்டியே விடுங்கள்.

காற்று பக்கவாட்டில் வரும்படி படகை வைத்து, பெரிய பாயைப் பாதி தளர்த்தி விடுங்கள். காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது, சுமார் 45 டிகிரி விலகித்தான் போகும். படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றால் பாய்மரத்தை ஒரு துளை முன்னால் மாற்றுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடினால் ஒரு துளை பின்னால். சுக்கானைத் திருப்பி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது வேகத்தைத்தான் தின்னும். துளை சரியாக அமைந்த பிறகு சுக்கானை நேராக வைத்துவிட்டு, பாய்க்கயிற்றை மட்டும் கொஞ்சம் இழுத்தும் விட்டும் பாருங்கள். பாயின் முன்ஓரம் படபடப்பதை நிறுத்துகிற அந்த இடத்தில் கயிற்றைக் கட்டிவிடலாம்.