8/7 என்று எழுதி மாட்டிக்கொண்ட கதையும், அமெரிக்கக் காடுகளில் டென்ட் அடிக்கக் கட்டணம், பெர்மிட் எடுக்கும் முறையும்

கேம்ப்கிரவுண்டில் காலையில் பல் தேய்த்துவிட்டு எங்கள் டென்ட்டுக்குத் திரும்பி வந்தால், மேசை மேல் ஒரு கல், அதன் அடியில் ஒரு தாள். கட்டணம் கட்டாமல் தங்கியிருக்கிறீர்கள், உடனே கட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. முந்தின நாள் மாலையே 40 டாலரை உறையில் போட்டுக் கட்டணக் குழாய்க்குள் தள்ளியவன் நான். மனைவி பார்த்த பார்வையை விடுங்கள். என்ன நடந்தது என்பதை நான்காம் படியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஏழெட்டு முறை போய் வந்தாயிற்று, ஒரு தாளும் வரவில்லை. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எந்த டென்ட் வாங்குவது, எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லது என்பதெல்லாம் இதில் இல்லை. அமெரிக்கப் பொது நிலத்தில் ஓர் இரவு படுக்க யாருக்கு, எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

படி 1: நிலம் யாருடையது என்று பாருங்கள்

நாம் எல்லாவற்றையும் 'பார்க்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு, பி.எல்.எம். என்ற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலம் வேறு, ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கும் ஏரிக்கரைகள் வேறு, மாநில அரசின் ஸ்டேட் பார்க் முற்றிலும் வேறு. பி.எல்.எம். கையில் மட்டும் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நேஷனல் ஃபாரஸ்ட்கள் 19.3 கோடி ஏக்கர். ஒரே சாலையில் பத்து மைல் ஓட்டினால் மூன்று துறைகளின் நிலத்தைத் தாண்டிவிடலாம், மூன்றிலும் விதிகள் மாறும்.

கூகுள் மேப்பில் பச்சையாகத் தெரிவதை நம்பி இறங்காதீர்கள். நில உரிமையைக் காட்டும் வரைபடங்களில் மஞ்சள் என்றால் பி.எல்.எம்., வெளிர்பச்சை என்றால் நேஷனல் ஃபாரஸ்ட். காசு கட்டி வாங்கும் ஆப்கள் இதை அழகாகக் காட்டும். ஆனால் என் ஓட்டு, நேஷனல் ஃபாரஸ்ட்களைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ் இலவசமாகத் தரும் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்புக்குத்தான். கறுப்பு வெள்ளையில், பார்க்கவே சகிக்காது. ஆனால் எந்தச் சாலையில் வண்டி போகலாம், எந்தச் சாலையோரம் வண்டியை ஒதுக்கி டென்ட் அடிக்கலாம் என்பதை அதைவிடச் சரியாக வேறெதுவும் சொல்வதில்லை. சாலைக் கோட்டின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அங்கே தங்கலாம். அதை அவென்சா என்ற வரைபட ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும்.

அப்புறம், அந்தப் பகுதியின் ரேஞ்சர் (வன அதிகாரி) அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்று நம்மவர்கள் பலர் இதைத் தவிர்ப்பார்கள். நான் பேசிய யாருமே அவசரப்படுத்தியதில்லை.

படி 2: நான்கு வகைக் காசு, நான்கு வேறு கேள்விகள்

வாசலில் கட்டியாயிற்றே, உள்ளே ஏன் மறுபடி கேட்கிறார்கள்? புதிதாகப் போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இப்படிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வரலாமா என்பதற்கு நுழைவுக் கட்டணம். வண்டியை நிறுத்தி, அங்குள்ள கழிப்பறையையும் மேசையையும் பகலில் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரு நாள் பாஸ். இரவு படுக்கலாமா என்பதற்குக் கேம்பிங் கட்டணம். இத்தனை பேர் மட்டும்தான் என்று எண்ணிக்கை வைத்த இடத்திலோ, தீ மூட்ட அனுமதி வேண்டிய இடத்திலோ பெர்மிட். பெர்மிட் பல நேரம் இலவசம். இலவசம் என்பதால் தேவையில்லை என்று அர்த்தமில்லை!

மத்திய அரசு நிலங்களுக்கான 80 டாலர் ஆண்டு பாஸ் வாங்கி வைத்திருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அது முதல் இரண்டுக்குத்தான் செல்லும். கேம்பிங் கட்டணத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது. தென் கலிஃபோர்னியாவின் நான்கு நேஷனல் ஃபாரஸ்ட்களில் அட்வென்ச்சர் பாஸ் என்றும், வாஷிங்டன், ஆரிகன் பக்கம் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்றும் தனியாக உண்டு. இரண்டுமே நாள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் கிடைக்கும். 80 டாலர் பாஸ் இருந்தால் இவை தனியாக வேண்டாம்.

நேற்றுவரை சும்மா தங்கிய இடத்தில் திடீரென்று காசு கேட்கிறார்களே என்று ஒரு நண்பர் பொருமினார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2004 டிசம்பரில் வந்த சட்டப்படி, ஃபாரஸ்ட் சர்வீஸும் பி.எல்.எம்மும் நினைத்த இடத்தில் கேம்பிங் கட்டணம் போட முடியாது. டென்ட் இடம், மேசை, குடிநீர், உள்சாலை, குப்பைத்தொட்டி, கழிப்பறை, தீ மூட்டும் வளையம், பாதுகாப்பு, கட்டணம் வாங்க ஆள் என்று ஒன்பது வசதிகளைச் சட்டம் பட்டியல் போடுகிறது. அவற்றில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். புதிதாகக் கட்டண இடம் ஆக்குவதென்றால் அரசிதழில் ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். வசூலில் பொதுவாகக் குறைந்தது 80 சதவீதம் வசூலான இடத்துக்கே திரும்ப வேண்டும். ஆகவே உங்களுக்குப் பிடித்த இலவச இடத்தில் புதுக் கழிப்பறையும் இரும்புத் தீ வளையமும் முளைத்தால், அடுத்து கட்டணப் பலகை வரும் என்று எதிர்பார்க்கலாம். எனக்கு இதில் வருத்தமில்லை. கழிப்பறை இல்லாத காலத்தில் அந்தப் புதர்கள் எப்படி இருந்தன என்று பார்த்தவன் நான்.

படி 3: முன்பதிவு

மத்திய அரசு நிலம் என்றால் ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற இணையதளம். ஸ்டேட் பார்க் அதில் வராது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தளம். பெரும்பாலான இடங்கள் ஆறு மாதம் முன்பு, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். கோடை வார இறுதி என்றால் 7:01க்கு எல்லாம் நிரம்பிவிடும். முன்கூட்டியே லாகின் செய்து, இரண்டு மூன்று இட எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்கவில்லையா, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி பாருங்கள். ரத்தாகி வரும் இடங்கள் நிறைய. செவ்வாய், புதன் இரவு என்றால் இந்தப் பாடே வேண்டாம்.

ரத்து செய்தால் 10 டாலர் பிடிப்பார்கள். முந்தின நாளோ அன்றைக்கோ ரத்து செய்தால் அதோடு முதல் இரவுக் கட்டணமும் போகும். சொல்லாமலே போகாமல் இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும்.

இன்னொன்று, இது நமக்கென்றே சொல்வது. ஓர் இடத்துக்கு ஆறு அல்லது எட்டுப் பேர், இரண்டு வண்டி என்று உச்சவரம்பு இருக்கும். இரண்டாவது வண்டிக்குப் பல இடங்களில் தனிக்காசு. 'ஒரு சைட் போடுவோம், நாலு குடும்பமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. குழு இடம் என்று தனியாக உண்டு, பல இடங்களில் ஓராண்டு முன்பே பதியலாம். இரவு 10 மணிக்கு மேல் அந்தாக்ஷரியும் கூடாது.

படி 4: இரும்புக் குழாயும் உறையும்

முன்பதிவே இல்லாத, முதலில் வந்தவருக்கே இடம் என்ற கேம்ப்கிரவுண்ட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வியாழன் மதியம் போய்ச் சேர்ந்தால் ஆற்றோரம் கிடைக்கும். அங்கே ஆள் இருக்க மாட்டார். நுழைவாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை, பக்கத்தில் தரையில் நட்ட கனத்த இரும்புக் குழாய், அதில் காசு போட ஒரு பிளவு. இதற்கு 'அயர்ன் ரேஞ்சர்' என்று பட்டப்பெயர்.

முதலில் வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்தின் முன்னாலும் எண் போட்ட கம்பம் இருக்கும். அதில் சீட்டு எதுவும் செருகியிருக்கிறதா, அதில் என்ன தேதி என்று பாருங்கள். காலியாக இருந்தால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்புங்கள். பெரும்பாலான இடங்களில் அரை மணி நேரத்துக்குள் கட்டிவிட வேண்டும். பலகைக்குக் கீழே பெட்டியில் உறைகள் இருக்கும். பெயர், இட எண், வண்டி எண், எத்தனை இரவு, வந்த தேதி, போகும் தேதி, தொகை எல்லாம் எழுத வேண்டும். காசை உள்ளே வைத்து ஒட்டி, ஓரத்துச் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, உறையைக் குழாயில் போட வேண்டும். சீட்டைக் கொண்டுபோய் உங்கள் கம்பத்தில் செருகினால் முடிந்தது.

நான் எங்கே கவிழ்ந்தேன்? ஜூலை 8ஆம் தேதி வெள்ளி போய், 10ஆம் தேதி ஞாயிறு கிளம்புவதாகத் திட்டம். பள்ளிக்கூடத்தில் பழகிய கையால் 8/7 முதல் 10/7 வரை என்று எழுதினேன். அமெரிக்கக் கண்ணுக்கு அது ஆகஸ்ட் 7 முதல் அக்டோபர் 7 வரை. அதாவது அடுத்த மாதம் தொடங்கி இரண்டு மாதம் தங்கப் போகிற ஒரு மகானுபாவர், 40 டாலருக்கு! 'நாட்டிலேயே மலிவான வாடகை' என்று ரேஞ்சரம்மா சிரித்தார். உறை குழாய்க்குள் கிடக்கிறது என்று நான் சொன்னதைச் சரிபார்த்துவிட்டு, சீட்டில் அவரே திருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கணக்கு இரவுக்குத்தான், பகலுக்கு இல்லை. வெள்ளி முதல் ஞாயிறு என்றால் இரண்டு இரவு. போகும் தேதி என்ற கட்டத்தில் நீங்கள் காலி செய்யும் நாள் வர வேண்டும். குழாய் சில்லறை தராது. ஆகவே 1, 5, 10 டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு வண்டியிலேயே கிடக்கட்டும். அதோடு ஒரு பென்சில். மலைக்குளிரில் பால்பாயின்ட் பேனா எழுதாமல் மானத்தை வாங்கும்.

படி 5: காசே இல்லாமல் தங்குவது

வசதி எதுவுமில்லாத திறந்த காட்டிலும் பாலைவனத்திலும் பெரும்பாலும் இலவசமாகவே தங்கலாம். பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாட்களில் 14 நாள்தான், பிறகு நகர்ந்துவிட வேண்டும். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி டென்ட் அடியுங்கள். முன்பு யாரோ தங்கிய தடம் உள்ள இடமாகப் பாருங்கள், புதுப் புல்லை மிதிக்க வேண்டாம். கழிப்பறைக்குக் குழி 6 முதல் 8 அங்குல ஆழம், அதுவும் நீரிலிருந்து 200 அடி தள்ளி.

கலிஃபோர்னியாவில் கேம்ப்ஃபயர் பெர்மிட் தனியாக வேண்டும். இணையத்தில் ஒரு சிறு வீடியோ, சில கேள்விகள், பத்து நிமிட வேலை, இலவசம். எடுத்த ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். விறகு எரிக்கப் போவதில்லை, கேஸ் அடுப்பில் காபி மட்டும்தான் என்றாலும் இது வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். கையில் பெர்மிட் இருந்தாலும் அன்றைக்குத் தீத் தடை இருந்தால் தடைதான் செல்லும். கிளம்பும் நாள் காலையில் பார்த்துவிடுங்கள்.

படி 6: நடந்து போய்த் தங்குவது

வில்டர்னெஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைத்த காடு என்று ஒதுக்கிய பகுதிகளில் சிலவற்றுக்கு நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கலிஃபோர்னியாவின் இன்யோ நேஷனல் ஃபாரஸ்ட்டில் அந்த எண்ணிக்கையில் 60 சதவீதம் ஆறு மாதம் முன்பும், மீதி 40 சதவீதம் இரண்டு வாரம் முன்பும் திறக்கும். அங்குள்ள விட்னி மலைக்கு மட்டும் பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை குலுக்கல். முதல் முறை போகிறவர் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை

இதைப் படித்த வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், சீனியர் பாஸ் எடுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். 62 வயதானால் மட்டும் போதாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. தகுதி உள்ளவர்களுக்குப் பல அரசு கேம்ப்கிரவுண்ட்களில் கட்டணம் பாதி. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர் ஆகிவிட்டது, கணக்குப் போடும்போது அதையும் பாருங்கள்.

தமிழ்ச் சங்கத்துக் கோடைச் சந்திப்பை நேஷனல் ஃபாரஸ்ட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக வைக்கலாம். 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் முன் அனுமதி வேண்டும். வணிக நோக்கம் இல்லையென்றால் அதற்குக் கட்டணம் இல்லை. குறைந்தது 72 மணி நேரம் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்து வேகம் தெரிந்ததுதான், ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

உறைக்குப் பதிலாக இப்போது சில இடங்களில் கியூஆர் கட்டம் ஒட்டியிருக்கிறார்கள். ரிக்ரியேஷன் டாட் கவ் ஆப்பில் ஸ்கேன் செய்தால் சிக்னல் இல்லாமலும் பதிவாகும், நெட் வந்தவுடன் பணம் போகும். ஆனால் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, லாகின் செய்து, கார்டையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் போன ஒரு வாசகர் சிக்னல் தேடி 40 நிமிடம் மலை இறங்கினாராம். திரும்பி வருவதற்குள் அவர் பார்த்து வைத்த இடத்தில் வேறொருவர் அடுப்புப் பற்ற வைத்திருந்தார்.