மிடாஸா, ரெட் டெவிலா? நிறத்தை விடுங்கள், மண்டையைப் பாருங்கள்

ஆரஞ்சு நிறத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நம் விரலைத் துரத்துகிற பெரிய சிக்லிட் வகை மீன் எதுவானாலும் கடைகளில் 'ரெட் டெவில்' என்றே சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அதில் மிடாஸும் நிறைய, இரண்டும் கலந்த கலப்பு அதைவிட நிறைய.

இரண்டுக்கும் சொந்த ஊர் நிகரகுவா. மிடாஸ் என்பது ஆம்ஃபிலோஃபஸ் சிட்ரினெல்லஸ், ரெட் டெவில் என்பது ஆம்ஃபிலோஃபஸ் லேபியேட்டஸ். 1864இல் இரண்டையும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் விலங்கியலாளர் குந்தர்தான். நிகரகுவா ஏரி, மனாகுவா ஏரி இரண்டிலும் இவை ஒன்றாகவே வாழ்கின்றன, நெருங்கிய சொந்தம் என்பதால் நம் டேங்கில் ஜோடி சேர்ந்து முட்டையும் இட்டுவிடும், குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

நிறம் எதற்கும் உதவாது. இரண்டிலும் குஞ்சுகள் சாம்பல் நிறம், மேலே கருப்புப் பட்டைகள். பெரும்பாலானவை கடைசிவரை அப்படியேதான் இருக்கும், சில மட்டும் வளர வளரக் கருப்பு உதிர்ந்து ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும். ஏரியில் சிறுபான்மையாக இருக்கிற அந்த நிறம்தான் விற்கும் என்பதால் கடைக்கு அதுவே வருகிறது.

பார்க்க வேண்டியது உடல்வாகு, அதுவும் நன்றாக வளர்ந்த மீனில். மீன் அமைதியாக நிற்கும்போது, செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும்போது அல்ல, கேமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்கி நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்திலிருந்து வாய் நுனிவரை விரலால் ஒரு கோடு ஓட்டிப் பாருங்கள். மிடாஸில் அந்தக் கோடு செங்குத்தாக இறங்கும், முகம் மொட்டையாக இருக்கும், உடம்பும் உயரமாக, தட்டையான தட்டு மாதிரி தெரியும். ரெட் டெவிலில் கோடு சாய்வாக நீண்டு கூரான மூக்கில் போய் முடியும், தலை ஒடுக்கம், உடம்பு நீளவாக்கு. முன்னாலிருந்து பார்த்தாலும் ரெட் டெவிலின் முகம் குறுகலாகவே இருக்கும். ஒரே மீனை நாலைந்து படம் எடுத்துப் பார்ப்பது நல்லது, கோணம் கொஞ்சம் மாறினாலே ஏமாற்றிவிடும்.

அப்புறம் உதடு. லேபியேட்டஸ் என்ற பெயரே உதட்டால் வந்ததுதான். ஏரியில் பாறை இடுக்கில் வாயை ஒட்டவைத்து உள்ளே இருக்கும் இரையை உறிஞ்ச அந்தத் தடித்த உதடு உதவுகிறது. டேங்கில் பெல்லெட் எனும் உருண்டைத் தீவனம் தின்று வளரும் மீனுக்கு அந்த வேலையே இல்லை, உதடு அந்த அளவுக்குத் தடிப்பதில்லை. அதனால் மடல் மடலாகத் தொங்கும் தடித்த உதடு இருந்தால் ரெட் டெவில் பக்கம் வலுவான சாட்சி, மெல்லிய உதடு இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. இந்த மீன்கள் வாயோடு வாய் கவ்விச் சண்டை போடும், அப்போது அடிபட்டு வீங்கிய உதட்டையும் சிலர் இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். புண் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

நெற்றியில் எழும் ஹம்பை, அதாவது மேட்டை, நம்ப வேண்டாம். மிடாஸில் பெரிதாக வரும் என்பது சரிதான், ஆனால் டேங்கை ஆளுகிற ஆண் ரெட் டெவிலுக்கும் வரும். இயற்கையில் அது இனப்பெருக்கக் காலத்து விஷயம், டேங்கில் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது.

ஃப்ளவர்ஹார்னைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது மலேசியாவில் 1990களில் உருவாக்கப்பட்ட கலப்பு. உடம்பில் முத்து முத்தாக மினுங்கும் புள்ளிகளோ, பக்கவாட்டில் வரிசையாகக் கருப்புப் பூக்களோ தெரிந்தால் அது மிடாஸும் இல்லை, ரெட் டெவிலும் இல்லை. கருப்பு உதிர்ந்துபோன ஃப்ளவர்ஹார்ன்தான் சிக்கல், வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து முத்து மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

விரல் நீளக் குஞ்சுகளில் எந்த வித்தையும் பலிக்காது. 'ப்யூர் லேபியேட்டஸ்' என்று கூடுதல் விலை சொன்னால், தாய் தகப்பன் மீனைக் காட்டச் சொல்லுங்கள், அவை எந்த ஏரியிலிருந்து வந்த வழி என்று கேளுங்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அப்போயோ, ஹிலோவா போன்ற எரிமலை வாய் ஏரிகளில் இதே குடும்பத்தில் தனித்தனி இனங்களே இருக்கின்றன, அப்போயோவின் ஸாலியோஸஸ் என்ற இனம் 1976இலேயே பெயர் பெற்றது. பதில் இல்லையென்றால் அலங்கார மீனின் விலையை மட்டும் கொடுங்கள், நீங்கள் குஞ்சு விற்கும்போதும் 'மிடாஸ், ரெட் டெவில் கலப்பு' என்றே எழுதிக் கொடுங்கள்.