கிணற்றடியில் பாய்க்கோரை வளர்க்கும் முறை

திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே பெய்துவிடுவதால், பாய் இழைக்கும் கோரையை வளவில் நட விரும்புவோர் புரட்டாதி முடிவதற்குள் கிடங்கை வெட்டி வைத்துவிட வேண்டும். தாவரவியலின்படி கோரை புல்லினம் அன்று. பெரும்பாலான கோரைகளின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும்.

முதலில், அரைநாளாவது வெயில் விழுகின்ற, சவர்க்கார நீர் வந்து சேராத இடமொன்றைக் கிணற்றடிக்கு அருகே தெரிவுசெய்து, நான்கடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் தண்ணீரைத் தாங்காது. அங்கே தடித்த பொலித்தீனை விரித்து, மிகை மழைநீர் வழிந்தோட விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே சில துளைகள் இடுங்கள். களிமண் நிலத்தில் பொலித்தீன் தேவையில்லை.

அடுத்து, இரண்டு பங்கு களிமண்ணுடன் ஒரு பங்கு ஆற்றுமணலைக் கலந்து நிரப்புங்கள். வயல் மண்ணைச் சலிக்காமல் கொட்டியதால் அதனோடு வந்த கோரைக்கிழங்குக் களை என் கத்தரிப் பாத்திவரை பரவிவிட்டது. அதை முற்றாக அகற்ற இன்றுவரை முடியவில்லை. ஆகவே மண்ணைக் கட்டாயம் சலித்துக்கொள்ளுங்கள்.

நாற்றுக்கு, வயல் உரிமையாளரிடம் கேட்டு, வாய்க்கால் ஓரத்தில் செழித்த தூரொன்றை வேர்த்தண்டோடு தோண்டி எடுக்கலாம். அதை இரண்டு மூன்று முளைகள் உள்ள துண்டுகளாகப் பிரித்து, தாள்களை அரையடி உயரத்துக்கு நறுக்கி, ஓரடி இடைவெளியில், முளை மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். சம்பு என்னும் உயரமான நீர்த்தாவரம் அழகாகத்தான் இருக்கும். ஆயினும் சிறிய கிடங்கில் அது மற்ற எதையும் வாழவிடாது.

நுளம்பு முட்டை பொரித்துப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும் என்பதால், தண்ணீர் மேலே தேங்கி நிற்கக் கூடாது. சேறு எப்போதும் ஈரமாக இருந்தாலே கோரைக்குப் போதுமானது. குழி விழுந்த இடங்களை மணலால் மூடிவிடுங்கள்.

கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோரக் கிணறுகள் சில உவர்க்கும். மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால், சேமித்த மழைநீரை ஊற்றி உப்பை வழியவிட வேண்டும். அக்காலத்தில் தாள்கள் பழுத்துச் சாய்ந்தாலும் தூரைப் பிடுங்கிவிடாதீர்கள். வேர்த்தண்டு அழுகாமல் உறுதியாக இருக்குமானால் அடுத்த மாரியில் மீண்டும் முளைக்கும்.