அப்லேஷன்: துடிப்பு வேறு, ரத்தக்கட்டி வேறு

“போன வருஷம்தான் ஆஞ்சியோ பண்ணி அடைப்பே இல்லைன்னு சொன்னாங்க. இப்ப மறுபடியும் எதுக்குத் தொடை வழியா குழாய் விடணும்?” ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, அதாவது இதயத்தின் மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்கும் நோய்க்கு, அப்லேஷன் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. தொடை வழியாகக் குழாய் போனாலே அது ஆஞ்சியோ என்பது சென்னையில் ஊறிப்போன பழக்கம். ஆஞ்சியோவில் பார்ப்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை. அப்லேஷன் துடிப்பை ஓட்டும் மின்சாரத்தைச் சரிசெய்வதற்கு. குழாய் போவதும் சிரை வழியாக. தமனிகள் சுத்தமாக இருப்பவருக்கும் துடிப்பு தறிகெட்டுப் போகலாம்.

வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சுதான் துடிப்பின் தாளத்தைத் தருகிறது. இடது மேலறையில் நுரையீரலிலிருந்து வரும் சிரைகள், பெரும்பாலோருக்கு நான்கு, வந்து சேர்கின்றன. மேலறைத் தசை அந்தச் சிரைகளுக்குள்ளும் சட்டைக்கை போலக் கொஞ்சம் நீண்டிருக்கும். அங்கிருந்து சடசடவென்று கிளம்பும் மின்துடிப்புகளே மேலறையைக் குலைக்கின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். 45 நோயாளிகளிடம் அவர்கள் கண்ட தூண்டுபுள்ளிகளில் 94 விழுக்காடு இந்தச் சிரைகளுக்குள் இருந்தன. மேலறை நிமிடத்துக்கு 350 முதல் 600 என்ற வேகத்தில் வெறுமனே நடுங்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சு பெரும்பகுதியை வடிகட்டிவிட, கீழறை எந்தக் கணக்குக்கும் அடங்காத இடைவெளிகளில் துடிக்கும். சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ வடுவளையம் உண்டாக்குவதுதான் அப்லேஷன். வடு வழியே மின்சாரம் பாயாது.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கும், குறிப்பாக அதன் ஓரத்தில் காது மடல் போலிருக்கும் சிறு பையில். அங்கே கட்டி பிடித்து மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு ஒரு சிக்கல், கட்டி இன்னொரு சிக்கல். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

படபடப்பை “கேஸ் டிரபிள்” என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது ஒரு வகை. அதைவிட மோசமானது, மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தெரியவந்த பிறகும் “எனக்கு ஒண்ணும் செய்யலையே, பீச்சுல தினம் நடக்கிறேனே” என்று விட்டுவிடுவது. அறிகுறி இல்லாவிட்டாலும் கட்டி பிடிக்கும். பக்கவாத அபாயத்தை முடிவுசெய்பவை வேறு: வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2 புள்ளி, 65 முதல் 74 வரை 1, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் 1, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. படபடப்புக்கு இதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்கு மாற்றாக ஆஸ்பிரினைப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். இந்தக் கட்டியை அது சரியாகத் தடுப்பதில்லை, ரத்தக்கசிவு அபாயம் மட்டும் மிஞ்சும்.

ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. மேலறை நடுங்க நடுங்க விரிந்து வடுப்படும். அந்த வடு இன்னும் நடுக்கத்தை வளர்க்கும். நடுக்கமே நடுக்கத்தை வளர்க்கும் என்பதை 1995-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் ஆடுகளிடம் செய்த ஆய்வே காட்டிவிட்டது. வந்து வந்து போகும் நிலையில் அப்லேஷன் நன்றாகப் பலிக்கும். நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிறகு பலன் குறையும்.

அடுத்து உறைதடுப்பு மாத்திரை. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின்தான். “புதுசு நல்லது” என்று பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரைக்கு மாறக் கூடாது. வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஐ.என்.ஆர். பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்ற ஏற்ற இறக்கம்தான் கெடுதி. புது மாத்திரைகளில் ரிவராக்சபான் 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் உடல் அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. அபிக்சபான் இரண்டு வேளை; இரவு வேளையை மறப்பவர்கள் ஏராளம். டபிகாட்ரான் ஈரம் பட்டால் கெட்டுவிடும், சென்னையின் புழுக்கத்தில் அதை அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் போட்டு வைப்பது வீண். கேப்ஸ்யூலைத் திறந்து கொட்டிச் சாப்பிடவும் கூடாது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

பல் பிடுங்குவதற்கு நிறுத்தச் சொன்ன ஞாபகத்தில், அப்லேஷனுக்கு ஐந்து நாள் முன்பே தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இங்கே கதை நேர் எதிர். இடது மேலறைக்குள் குழாய் நுழையும், உள்சுவர் சுடப்படும். இரண்டுமே கட்டி பிடிக்க ஏற்ற இடம். அதனால்தான் சிகிச்சையின்போதே ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறையும் நேரத்தை 300 விநாடிக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பொதுவாக மாத்திரை தொடரும். அன்று காலை வேளையை மட்டும் விட வேண்டுமா என்பதைச் சிகிச்சை செய்பவரே சொல்வார். ஏற்கெனவே கட்டி இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவிலோ வேறு ஸ்கேனிலோ பார்ப்பார்கள். இருந்தால் அப்லேஷன் தள்ளிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் நிற்கும். ஒரு வாரத்துக்கு அதை வேறு யாராவது தூக்கட்டும். கோலம் போடக் குந்துவது, பைக்கை உதைத்துக் கிளப்புவது ஆகியவற்றுக்கும் அதே ஒரு வாரம். தொடையில் ரத்தம் வந்தால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல் மல்லாந்து படுத்து, பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் 108.

முதல் இரண்டு, மூன்று மாதங்களில் படபடப்பு மறுபடி வந்தால் “காசு போச்சு” என்று முடிவுகட்டுவதும் தவறு. சுட்ட இடம் வீங்கி ஆறும் காலம் அது. அப்போது வருவதைத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஓய்வு நாடி முன்பைவிட நிமிடத்துக்குப் பத்து போலக் கூடியிருந்தாலும் பயப்படத் தேவையில்லை. சிரைகளின் அருகிலிருக்கும் நரம்பு முடிச்சுகளும் சேர்ந்து சுடப்படுவதால் அது நேரும். மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

துடிப்பு சீரானதும் உறைதடுப்பு மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. குறைந்தது இரண்டு மாதம் எல்லோருக்கும் வேண்டும். அதன் பிறகு முடிவுசெய்வது மேலே சொன்ன புள்ளிகள்தான், ஈ.சி.ஜி. அல்ல. ஓசையில்லாமல் வந்துபோகும் நடுக்கம் உண்டு. நாள் முழுதும் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். உடல் எடை, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மது ஆகியவற்றை அப்படியே விட்டால் மறுபடி வரும். ஃபில்டர் காபியைப் பெரிய குற்றவாளி ஆக்க வேண்டாம்.

கடைசியாக, அரிதானாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்று. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. சூடு அங்கே எட்டினால், ஒன்று முதல் நான்கு வாரங்களில், சில சமயம் இரண்டு மாதம் வரையிலும், இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழலாம். சூட்டுக்குப் பதில் மின்புலத் துடிப்புகளைப் பயன்படுத்தும் புதிய பல்ஸ்டு ஃபீல்டு முறையில் இந்த அபாயம் வெகு குறைவு. காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் மரத்துப்போவது எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, “அப்லேஷன் ஆகி இத்தனை நாள்” என்பதையே முதலில் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பிக்கு எழுதினால் தடுத்து, அப்லேஷன் செய்தவரிடம் பேசச் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பியில் செலுத்தும் காற்று அந்த ஓட்டை வழியே இதயத்துக்குள் போய் மூளையை அடையலாம். முதலில் எடுக்க வேண்டியது நெஞ்சு சி.டி. ஸ்கேன்.