மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க: நான் பழக்கங்களை மாற்றிய வரிசை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கங்கள் அபாயத்தைக் குறைக்கும், அடியோடு நீக்கிவிடாது. இந்த நோய் வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வயதைத் தவிர குறிப்பிட்டுச் சொல்லக் காரணமே இருப்பதில்லை. யாருக்காவது வந்தால் "நீ என்ன செய்தாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

படி 1: மது. ஒயினோ பியரோ, கொஞ்சமாகக் குடித்தாலும் அபாயம் கூடும். விட்டுவிடுங்கள்.

படி 2: வேக நடை. நான் சறுக்கியது இங்கேதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் நடந்தேன். கூட வந்த தோழி ஒருநாள், "நடந்துகிட்டே ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்" என்றாள். பல்லவி, சரணம் எல்லாம் மூச்சு வாங்காமல் பாடி முடித்தேன். அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாளும் உலாத்தியிருக்கிறேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மறுநாள் அந்த வேகத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சரி என்று காலையில் பத்து, மாலையில் பத்து எனப் பிரித்துக்கொண்டேன். அதுவும் கணக்கில் சேரும்.

காலடி எண்ணும் செயலியை நீக்கிவிட்டேன். சுவர் நாள்காட்டியில் பென்சிலால் நிமிடங்களை எழுதுகிறேன். வெறும் கட்டம் கண்ணில் பட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

படி 3: எடை. மாதவிடாய் நின்றபின் இது இன்னும் முக்கியம். சினைப்பை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகப் புற்றுக் கட்டிகள் பலவும் அந்த ஹார்மோனைக் கொண்டே வளர்கின்றன. எடை மெஷினைவிட எனக்குத் தையல் நாடாதான் பிடிக்கும். மாதம் ஒருமுறை, மூச்சை வெளியே விட்டபின் இடுப்பைச் சுற்றி அளந்தால் போதும். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்காதீர்கள்.

கைக்குழந்தை இருப்பவர்களுக்கு: 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வந்த ஆய்வின்படி, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. கொடுக்க முடியாமல் போனவர்கள் மனம் வருந்த வேண்டாம், மற்ற படிகள் இருக்கின்றன.

பின்சேர்க்கை: "அம்மாவுக்கு இருந்தது, நடந்தால் போதுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. மரபணுப் பரிசோதனை தேவையா, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், கட்டி தட்டுப்பட்டாலோ காம்பு உள்வாங்கினாலோ தோல் சுருங்கினாலோ உடனே காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.