வேறு பட்டம் பெற்றபின் முதுநிலைப் படிப்பின் வழியே பதிவுபெற்ற செவிலியராவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி பட்டதாரிகளுக்கு

நர்ஸிங் அல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் நேரடியாக எம்.எஸ்ஸி. நர்ஸிங்கில் சேர்ந்து செவிலியராகிவிட முடியாது. பி.எஸ்ஸி. நர்ஸிங்கையோ பட்டயச் செவிலியருக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங்கையோ முடித்து, மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்து, பணி அனுபவமும் பெற்றவர்களுக்கு மட்டுமே அந்தப் படிப்பு உரியது. ஆனால் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில், வேறு துறையில் பட்டம் பெற்றவரைப் பதிவுபெற்ற செவிலியராக்கும் முதுநிலைப் படிப்புகள் உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ உளவியலோ முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இந்த எண்ணத்தை மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை முடித்தால் அந்த நாட்டின் செவிலியர் பதிவேட்டில் என் பெயர் ஏறுமா? கட்டணம், உதவித்தொகை, பல்கலைக்கழகத்தின் தரவரிசை எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஏனெனில் ‘எம்.எஸ்ஸி. நர்ஸிங்’, ‘அட்வான்ஸ்டு நர்ஸிங்’, ‘இன்டர்நேஷனல் நர்ஸிங் ஸ்டடீஸ்’ என்ற பெயர்களில் நடக்கும் வெளிநாட்டுப் படிப்புகள் பல ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கானவை. ‘ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்’ என்பதோ மருத்துவமனை நிர்வாகப் படிப்பு. இவற்றை முடித்தால் பட்டம் கைக்கு வரும், பதிவு வராது. பேருந்து நிலையச் சுவரொட்டியைப் பார்த்துக் கன்சல்டன்சிக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை. இடம் எளிதில் கிடைக்கிற படிப்பைத்தான் பெரும்பாலும் முன்னே வைக்கிறார்கள். சரிபார்ப்பது கடினமன்று. பிரிட்டனில் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் எனப்படும் என்எம்சி, ஆஸ்திரேலியாவில் சுகாதாரப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஆப்ரா, அமெரிக்காவில் அந்தந்த மாநில நர்ஸிங் வாரியம் ஆகியவை தாம் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலைத் தத்தம் இணையதளத்தில் வைத்துள்ளன. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் அதில் இருந்தால் போதாது. நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் பெயரே இருக்க வேண்டும்.

உள்ளூர் வழியை முதலில் கணக்குப் பாருங்கள்

வெளிநாட்டுக்குப் பணம் கட்டுமுன், இங்கேயே மறுபடி இளநிலையில் சேர்வதை ஒதுக்காமல் எண்ணிப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால், இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி 35 வயது வரை நான்காண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங்கில் சேரலாம். மூன்றாண்டு ஜிஎன்எம் (பொதுச் செவிலியம், மகப்பேறு) பட்டயப் படிப்புக்குப் பிற பிரிவில் படித்தவர்களையும் அந்தக் கவுன்சிலின் விதி அனுமதிக்கிறது. ஆயினும் நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளியின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி இங்கே படித்துப் பதிவு பெற்றவர்கள் பின்னர் தேர்வெழுதி வெளிநாட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்; தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவருகிறது. இருபத்து மூன்று வயதில், வீட்டில் பெரிய சொத்து இல்லாத நிலையில் ஒருவர் கேட்டால், நான் இந்த வழியைத்தான் சொல்வேன். மீண்டும் நான்காண்டு கல்லூரி என்பது மனத்துக்குப் பாரமாகத் தோன்றலாம்; ஆனால் அரைக்கோடியை நெருங்கக்கூடிய கடனைவிட அது இலகுவானது.

பிரிட்டன்

என்எம்சியின் விதிப்படி ஒரு செவிலியர் படிப்புக்கு மொத்தம் 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதி வகுப்பு, பாதி களப்பயிற்சி. முன்பு பெற்ற பட்டத்தையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்து, இதில் பாதி வரை கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. மூன்றாண்டுப் படிப்பு, பட்டதாரிகளுக்கான முதுநிலைப் படிப்பில் இரண்டாண்டாகச் சுருங்குவது இந்தக் கழிவினால்தான். ஆகவே, ‘என் பட்டம் இருக்கிறது, இடம் கொடுங்கள்’ என்று கேட்பது பலிக்காது. அந்தப் பட்டத்தில் உடலியலோ மனித நடத்தையோ ஆய்வுமுறையோ எந்தத் தாளில் படித்தீர்கள், எங்கே எத்தனை மணி நேரம் நோயாளியையோ முதியவரையோ பராமரித்தீர்கள் என்று ஆவணத்தோடு காட்டச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

விண்ணப்பிக்கும்போதே பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்: பெரியவர்களுக்கான செவிலியம், குழந்தைகளுக்கானது, மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகள் உள்ளன. உளவியல் பட்டதாரிக்கு மனநலப் பிரிவு இயல்பாகவே பொருந்தும். நம் ஊரில் இருந்து போகிறவர்கள் பழக்கத்தால் பெரியவர்கள் பிரிவையே எழுதிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். நேர்முகத் தேர்வில் எளிய மருந்தளவுக் கணக்கும், ‘வலியில் கத்துகிற ஒருவரிடம் எப்படிப் பேசுவீர்கள்’ என்பது போன்ற கேள்விகளும் வரும். களப்பயிற்சியில் இரவுப் பணியும் வார இறுதிப் பணியும் அடங்கும்.

சில பல்கலைக்கழகங்கள் களப்பயிற்சி இடம் போதாமையால் வெளிநாட்டு மாணவர்களை இந்தப் படிப்பில் சேர்ப்பதே இல்லை. அதை எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும். மாணவர் விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே செலுத்த வேண்டும். வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வெளி வேலை பார்க்கலாம். களப்பயிற்சி வாரங்களில் அதுவும் கடினம் என்பதால், பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கை அடியோடு விட்டுவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து இவ்வகைப் படிப்புக்குக் கணவன் மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. படிப்புக்குப் பின் தங்கும் கிராஜுவேட் விசா இரண்டாண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அந்தக் காலத்துக்குள் பதிவு பெற்று, மருத்துவ, பராமரிப்புப் பணியாளருக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் வேலையளிப்பவரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும்

ஆஸ்திரேலியாவில் ‘மாஸ்டர் ஆஃப் நர்ஸிங்’ என்ற பெயரில், பட்டதாரிகள் நேரடியாகச் சேரும் இரண்டாண்டுப் படிப்பு உண்டு. குறைந்தது 800 மணி நேரம் களப்பயிற்சி கட்டாயம். சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. சில உடற்கூறியலும் உடலியலும் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஆங்கிலம். படிப்பில் சேர ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கொடுத்தாயிற்று, இரண்டாண்டு ஆங்கிலத்திலேயே படித்தாயிற்று, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஆப்ரா, பதிவு செய்யும் தருணத்தில் தன் அளவுகோலை மறுபடி வைக்கிறது. அது அங்கீகரிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை; ஆகவே நம் பள்ளி, கல்லூரிப் படிப்பு அந்தக் கணக்கில் சேராது, அங்கே படித்த இரண்டாண்டு மட்டும் போதாது. கேட்டல், வாசித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, மொத்தத்தில் 7, எழுதுதலில் 6.5 பெற வேண்டும்; எழுதுதலுக்கான இந்தத் தளர்வு 2025 மார்ச்சில்தான் வந்தது. தமிழ்வழியில் படித்தவர்கள் ஊரில் இருக்கும்போதே இந்த மதிப்பெண்ணை எட்டிவிட்டுப் புறப்படுவதே பாதுகாப்பு.

மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். படிப்புக்குப் பின் தங்கும் 485 விசாவுக்குப் பொதுவாக 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதால், முப்பத்து மூன்றில் படிக்கக் கிளம்புகிறவர் மாதக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. வேறு பட்டம் பெற்றவர் நேரடியாகச் சேரும் ‘டைரக்ட் என்ட்ரி எம்எஸ்என்’ என்ற முதுநிலைப் படிப்பும், பதிவுக்கான என்கிளெக்ஸ் தேர்வும் அங்கே உண்டு. ஆனால் நம் மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை நான்காண்டுப் பட்டத்துக்கு நிகராகப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை, படிப்புக்குப் பின் வேலை பார்க்க ஓராண்டுதான் கிடைக்கும், இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசையோ மிக நீளம். கடன் வாங்கிப் போகிற குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊரிலிருந்தே தொடங்க வேண்டியவை

பராமரிப்பு அனுபவம் இல்லாத விண்ணப்பம் எளிதில் தள்ளப்படும். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், நோய்த்தணிப்புச் சிகிச்சை நடக்கும் இடம் ஆகியவற்றில் அனுமதி கேட்டுச் சில மாதங்கள் தொடர்ந்து உதவுங்கள். வீட்டுக்கே சென்று சிகிச்சையளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதன் பணியாளர்கள் உங்கள் ஊருக்கு வரும் நாளில் உடனிருந்து பார்த்தாலே, படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் புண்ணைத் துடைப்பதும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். அனுபவச் சான்றில் நிறுவனத்தின் முகவரியும், தேதிகளும், மொத்த மணி நேரமும், செய்த வேலையும் இருக்க வேண்டும். ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற ஒரு வரியால் பயனில்லை. போய்ப் பார்க்காத இடத்திலிருந்து சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் பிரிட்டன் பத்தாண்டு வரை விசா மறுக்கும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் இப்போதே தொடங்கிவிட வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது, அதன்பின் ஓரிரு மாதம் விட்டு எதிர்ப்பாற்றல் உருவாகிவிட்டதா என்று ரத்தப் பரிசோதனை எனக் கிட்டத்தட்ட எட்டு மாதம் பிடிக்கும். களப்பயிற்சிக்கு முன் இதைக் கேட்பார்கள். சின்னம்மை, தட்டம்மை, ருபெல்லா போன்றவற்றின் ஊசிப் பதிவையும் தேடி எடுத்து வைக்க வேண்டும். சிறுவயது அட்டை தொலைந்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் ‘கு. தமிழரசி’, கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயரோடு வேறு வரிசை, ஆதாரில் இன்னொன்று என்று இருந்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பெயரைக் கொடுங்கள். எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்டுக்குச் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அதற்கும் போதிய காலம் விட்டுவைக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். ‘நாலு ஏக்கர் இருக்கிறது, கொடுக்காமலா போவார்கள்’ என்று நம்பித்தான் பல குடும்பங்கள் கிளை மேலாளர் முன் உட்காருகின்றன. ஆனால் விவசாய நிலத்தைக் கல்விக்கடனுக்குப் பிணையாகப் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை; அங்கீகாரம் பெற்ற மனையோ வீடோதான் வேண்டும். அந்த வீட்டின் பட்டா தாத்தா பெயரிலோ, சித்தப்பா பெரியப்பாவோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கும் வரை கோப்பு நகராது. தாலுகா அலுவலகத்தில் இது எத்தனை மாதம் இழுக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆகவே ஆஃபர் லெட்டர் வந்த பிறகு பட்டாவைத் தேடாமல், ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் சேரும் அன்றே மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் ரொக்கமும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள், வெளிநாட்டு உயர்கல்விக்கான அரசு உதவித்தொகை தங்கள் படிப்புக்குப் பொருந்துமா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கடனைப் பற்றி யோசிக்கலாம்.

என்றாவது திரும்பி வந்து இங்கே செவிலியராகப் பணிபுரியும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டில் படித்த தகுதியை இந்திய நர்ஸிங் கவுன்சில் ஏற்ற பிறகே மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய இயலும். நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் பெயர், கால அளவு, களப்பயிற்சி மணி நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அது ஏற்கப்படுமா என்று கட்டணம் செலுத்துமுன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, எழுத்துபூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.