ரத்தத்தில் எக்ஸோசோம் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்ணிய பை. கோவை லேப்களில் எக்ஸோசோம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கிளவுஸ், லேபிள், பைப்பெட்டில் எல்லாம் கெட்டிக்காரர்கள். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் கூத்தைப் பிறகு எந்த விலையுயர்ந்த கிட்டாலும் சரிக்கட்ட முடியாது.

பிளேட்லெட்டோடு சேர்த்து உறைய வைப்பது

எக்ஸோசோமின் அளவு 30 முதல் 150 நானோமீட்டர். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் (தட்டணு) 2–3 மைக்ரான். பிரித்துவிடலாம், சிரமமில்லை. பிரிக்காமல் மைனஸ் 80 டிகிரியில் வைத்தால், உறைந்து உருகும்போது பிளேட்லெட் உடைந்து, எக்ஸோசோம் அளவுத் துணுக்குகளாகச் சிதறும். பிளாஸ்மாவில் இருந்த நுண்துகள்களை 1967-லேயே ஆய்வாளர் பீட்டர் வூல்ஃப் ‘பிளேட்லெட் தூசி’ என்று எழுதினார். அந்தத் தூசியைத்தான் இன்றும் பலர் புற்றுநோய்க் குறியீடு என்று ஸ்லைடில் காட்டுகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இது. நோயாளியின் ரத்தம் ஆஸ்பத்திரியிலேயே எடுக்கப்பட்டு அரை மணியில் சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவியில்) ஏறிவிடும். ஒப்பிட வேண்டிய ஆரோக்கியமானவர்களின் ரத்தமோ கோபி, தாராபுரம் பக்கம் முகாமில் காலையில் எடுத்து, ஐஸ் பெட்டியில் படுக்க வைத்து, வேனில் குலுங்கி மதியம் வந்து சேரும். குளிரும் குலுக்கலும் பிளேட்லெட்டைக் கிளப்பிவிடும். அது வழியெல்லாம் வெசிக்கிளை (எக்ஸோசோம் போன்ற நுண்பைகளை) கொட்டிக்கொண்டே வரும். இரண்டு குழுவுக்கும் அப்படியொரு வித்தியாசம், பி மதிப்பும் (வித்தியாசம் தற்செயலா என்று சொல்லும் புள்ளியியல் எண்) பிரமாதம். அளந்தது நோயை அல்ல, கோபி ரோட்டை!

அடுத்தது பேராசை. சுழற்றி முடித்த டியூபில் மேலே மஞ்சள் பிளாஸ்மா, கீழே சிவப்பு, நடுவே வெள்ளை இழை (வெள்ளணுவும் பிளேட்லெட்டும் தங்கும் அடுக்கு). அந்த இழை வரைக்கும் டிப்பை இறக்கி உறிஞ்சிவிட்டு, “ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுன்னு எடுத்துட்டேனுங்க” என்பார்கள். அந்தக் கடைசி அரை எம்எல்தான் மொத்தத்தையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது: 21 கேஜ் ஊசி. முதல் 2–3 எம்எல் ரத்தத்தைத் தனி டியூபில் எடுத்துத் தள்ளிவிடுங்கள். ஊசி குத்தும்போது தூண்டப்பட்ட பிளேட்லெட் அதில்தான் இருக்கும். பிறகு 3.2 சதவீத சிட்ரேட் டியூப், கோடு வரை. மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, அறை வெப்பத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் 2,500 ஜி (புவியீர்ப்பைப்போல் 2,500 மடங்கு விசை), 15 நிமிடம், பிரேக் போடாமல். வெள்ளை இழைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விட்டு எடுத்து, புது டியூபில் மறுபடி அதே 2,500 ஜி, 15 நிமிடம். அடியில் 100 மைக்ரோலிட்டரைத் தொடாதீர்கள். சிறு பங்குகளாகப் பிரித்த பிறகே மைனஸ் 80.

முகாம் தூரம் என்றால் சென்ட்ரிஃபியூஜை முகாமுக்குக் கொண்டு போங்கள். முடியாதென்றால் நோயாளி ரத்தத்தையும் அதே நேரம் காக்க வையுங்கள். ஒப்பீடாவது நியாயமாக இருக்கும். இரு குழுவிலும் பிளேட்லெட்டின் அடையாளப் புரதமான சிடி41 அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக இருந்தால் முதலில் பிளேட்லெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சீரம்

ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவமான இது வேண்டாம். ரத்தம் உறையும்போதே பிளேட்லெட் வெசிக்கிள் கொட்டும்.

ஹெப்பரின் டியூப்

ஹெப்பரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அது கலந்தால் மரபணுப் பொருளைப் பெருக்கும் பிசிஆர் சோதனை மக்கர் செய்யும்.

ஜி என்பதை ஆர்பிஎம்-ஆக எழுதி வைப்பது

ரோட்டர் ஆரம் 17 சென்டிமீட்டர் என்றால் 3,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,600 சுற்று) சுமார் 2,460 ஜி கிடைக்கும். 10 சென்டிமீட்டர் ரோட்டரில் அதே வேகத்தில் சுமார் 1,450 ஜிதான். சீனியர் நோட்டில் இருக்கும் எண்ணைக் காப்பியடிக்கும் முன் ரோட்டரை அளந்துகொள்ளுங்கள்.

துகள் எண்ணிக்கையை எக்ஸோசோம் எண்ணிக்கை என்பது

நுண்துகள்களை எண்ணும் என்டிஏ கருவிக்கு ஒளியைச் சிதறடிக்கும் எதுவும் துகள்தான். பிளாஸ்மாவில் வெசிக்கிளைவிட, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் துகள் பல மடங்கு அதிகம். அதில் ஒரு வகையான விஎல்டிஎல் அளவும் எக்ஸோசோம் அளவோடு மோதும். காலையில் நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா பால்போல் கலங்கியிருக்கும், எண்ணிக்கை எகிறும். வெறும் வயிற்றில் எடுங்கள். எக்ஸோசோமின் அடையாளப் புரதங்களான சிடி9, சிடி63, சிடி81 மட்டும் காட்டினால் போதாது. ஏபோபி (லிப்போபுரோட்டீனின் புரதம்), ஆல்புமின் (பிளாஸ்மா புரதம்) எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் காட்டுங்கள்.

பாட்டிலில் ‘பல நூறு கோடி எக்ஸோசோம்’ என்று பார்த்து மயங்குவது

முடி வளர, மூட்டு வலிக்கு என்று விற்கும் குப்பிகளிலும் பெரும்பாலும் இதே துகள் எண்ணிக்கைதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடும் பாதிப்பு வந்ததும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரிக்கை விட்டது. அது எந்த எக்ஸோசோம் மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை. எந்த செல்லிலிருந்து எடுத்தது, கிருமி நீக்கமும் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனையும் செய்த சான்று எங்கே என்று கேளுங்கள். காகிதம் வராவிட்டால் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.